எட்டு நிழல்கள் ஆடிய கோலாட்டம்

அத்தியாயம் 9

படங்களை வெட்டி ஒட்டிய ஆறாவது சக்கரம் ராத்திரி முழுக்க அரிசி டின்னுக்கு அடியில் கிடந்து, காலையில் காய்ந்த அப்பளம் போல விறைப்பாக வெளியே வந்தது. ஜெயமணி அதை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். எட்டுத் துண்டுகளில் ஒன்றுகூட விளிம்பு தூக்கவில்லை. நடுவில் எட்டு முனைகளும் ஊசி நுழைய இடமில்லாமல் ஒட்டியிருந்தன.

"அத்தை, ஆறும் முடிஞ்சுது" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

யாரும் வெளியே வரவில்லை. இது வழக்கமில்லை. ஒவ்வொரு சக்கரம் முடியும்போதும் மாமியார் அன்னம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். "மார்கழி முழுக்க வாசல்ல போட்ட கோலத்தை எல்லாம் அட்டையில ஒட்டி வச்சிட்டா என் மருமக" என்று அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். இன்றைக்கு அடுப்படியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, ஆபீஸ் விட்டு நேராக வந்துவிடுவாயா என்று கேட்டாள். காலையிலிருந்து அதே கேள்வி மூன்றாவது முறை.

நீலப் புடவையைக் காணோமே என்று ஜெயமணி கேட்டதற்கு, வெளுக்கப் போட்டிருக்கிறேன் என்றாள். பச்சைப் புடவை? அதுவும்தான். துணியை வாரத்தில் ஒரு நாள் மட்டும் வெளுக்கப் போடும் வீட்டில், இந்த வாரம் மட்டும் ஏன் இத்தனை அழுக்கு என்று ஜெயமணி யோசித்தாள். ஆனால் ஏழரை மணிப் படகு யாருக்காகவும் காத்திருக்காது.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடலாம். ஜெயமணி போர்ட் பிளேரில் பொதுப்பணித் துறையின் வரைபடப் பிரிவில் ட்ரேசர். என்ஜினீயர்கள் பென்சிலில் போடுகிற கட்டடப் படங்களை மெழுகுத் துணியில் மையால் படியெடுக்கிற வேலை. கல்யாணமாகிப் பதினான்கு மாதம் ஆகிறது. அவள் புருஷன் சிவஞானம் அதே துறையில் ஓவர்சீயர். தெற்கே வெகுதூரத்தில், கேம்ப்பெல் பேயில் புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு வீடு கட்டப் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. மாமனார் சொக்கலிங்கத்துக்குச் சாத்தம் மர ஆலையில் மேஸ்திரி வேலை. மாமியாரோடும் மாமனாரோடும் ஜெயமணி பாம்பூஃப்ளாட்டில் இருக்கிறாள்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை நிக்கோபார்க் கப்பல் வரும். அதில் சிவஞானம் நாலு வரிக் கடிதமும் ஒரு ஃபிலிம் ரோலும் அனுப்புவான். அபர்டீன் பஜாரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கஸ்பார் அதைக் கழுவிப் படம் போட்டுக் கொடுப்பார். எல்லாம் இலை, அலை, வேர், சிப்பி. ஒரு படத்திலாவது அவன் முகம் இருக்காது. இரண்டு மாதத்துக்கு முன் கஸ்பார் ஒரு நெகட்டிவைத் தப்பாகத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டார். நேராக அடித்ததையும் திருப்பி அடித்ததையும் ஜெயமணி பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பெரணி இலை வண்ணத்துப்பூச்சியாகிவிட்டது. பொழுதெல்லாம் கோணமானியோடு கிடக்கிறவளுக்கு மேற்கொண்டு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நாற்பத்தைந்து டிகிரித் துண்டாக எட்டு வெட்டினால் ஒரு வட்டம். நேர்ப்படம் நாலு, திருப்பிய படம் நாலு. திருவிழாவில் விற்கிற, உடைந்த வளையல் துண்டு போட்ட அட்டைக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போமே, அது போல ஒரு சக்கரம்.

ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் கண்காட்சிக்கு ஆறு சக்கரம் தருவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். அந்த ஆறாவதுதான் இப்போது செய்தித்தாளில் சுற்றி அவள் மடியில் இருந்தது.

படகில் ரீத்தா பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். கஸ்பாரின் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. படகு எவ்வளவு ஆடினாலும் கையில் இருக்கிற காபி சிந்தாது.

"காட்டு பாப்போம்" என்றாள் ரீத்தா.

ஜெயமணி பிரித்தாள். மணலில் படர்ந்த அடும்பங்கொடிதான் படம். பிளந்த குளம்பு போன்ற அதன் இலைகள் நடுவிலிருந்து எட்டுத் திக்கிலும் ஓடின. வெளிவட்டத்தில் வெறும் மணல். அந்த மணலின் ஓரத்தில் நீளமாக ஒரு நிழல் விழுந்திருந்தது. பக்கத்தில் நின்ற ஏதோ மரத்தின் நிழல் என்றுதான் ஜெயமணி நினைத்திருந்தாள். ஒற்றைப் படத்தில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் இப்போது எட்டும் சேர்ந்து வட்டமாக நின்றபோது வேறு மாதிரி இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்திதான் முதலில் கண்டுபிடித்தாள். எட்டுப் பேர் கோலாட்டம் ஆடுகிறார்கள் என்றாள். அட, ஆமாம். ஒவ்வொரு நிழலிலும் சாய்ந்தாற்போல ஒரு கோல். நேர்ப்படமும் திருப்பிய படமும் சேருகிற இடத்தில் இரண்டு கோல்களும் முட்டிக்கொண்டு நின்றன. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஜெயமணிக்கும் பெருமையாக இருந்தது. தன்னை அறியாமல் ஆட்டக்காரர்களைப் பிடித்துவிட்டோமே என்று அவளும் சிரித்தாள்.

ரீத்தா மட்டும் சிரிக்கவில்லை. காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அட்டையை வாங்கி, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஜெயமணி, இந்தப் படத்த எடுத்தது யாரு? உம் மாப்பிள்ளைதான?"

"அவுகதான். வேற யாரு?"

"அப்ப இது அவுக நிழல்" என்று ரீத்தா குரலைத் தாழ்த்தினாள். "சூரியன் முதுகுப் பக்கம் இருக்கு. எடுக்கிறவுக நிழல் முன்னால விழுந்திருக்கு. இது கோலாட்டக் கோல் இல்ல. கக்கத்துல ஊன்றுற கட்டை. வார்டுல தினமும் பாக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஜெயமணி பார்த்தாள். ஒருதரம் அப்படித் தெரிந்துவிட்ட பிறகு வேறு மாதிரி தெரியவே மாட்டேன் என்றது. எட்டுப் பேரும் கோலில் சாய்ந்து நின்றார்கள். எட்டுப் பேருக்கும் தரையில் ஊன்றியிருந்தது ஒரு கால்தான்.

மற்றொரு கால் எங்கே என்று எண்ணத் தொடங்கி, எண்ணாமல் நிறுத்திக்கொண்டாள்.

படகு சாத்தம் துறையில் இடித்து நின்றதும் எல்லோரும் எழுந்தார்கள். ஜெயமணியும் எழுந்தாள். ஆபீஸ் பஸ்ஸை விட்டுவிட்டு அபர்டீன் பஸ்ஸில் ஏறினாள். டியூட்டி இருந்ததால் ரீத்தாவால் அவளோடு வர முடியவில்லை. கஸ்பாரிடம் சொல்லி அந்த மூலையைப் பெரிதாக்கிப் பார், அதற்குள் கண்டதையும் நினைக்காதே என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

கஸ்பார் அப்போதுதான் ஸ்டுடியோ கதவைத் திறந்துகொண்டிருந்தார். பருத்த, சாதுவான மனுஷர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. ரோலைக் கழுவினதும் நான், அச்சடித்ததும் நான், என் கண்ணில் படவில்லையே என்றார். நெகட்டிவை எடுத்து, படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் மாட்டி, அதன் தலையை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி, அந்த மூலையை மட்டும் ஒரு பெரிய தாளில் அடித்தார்.

சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் தாள் மருந்துத் தட்டில் மிதந்தது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மணல் பொரிப் பொரியாக வந்தது. பிறகு தலை. கண்ணுக்கு நேரே கேமராவைத் தூக்கிப் பிடித்த முழங்கைகள். இடது கக்கத்திலிருந்து இறங்கும் கட்டை. வலது கால். அவ்வளவுதான். இடது கால் இருக்க வேண்டிய இடத்தில் அடும்பங்கொடி இலைகள் அடர்த்தியாகக் கிடந்தன. நிழல் அந்த இலைகளுக்குள் போய் மறைந்துவிட்டது. கால் இருக்கிறதா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தத் தலையை, அந்த முழங்கைகளை, எந்த ஊர் மணலில் விழுந்திருந்தாலும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

வெளியே வந்து மேஜை ஓரம் உட்கார்ந்தாள். முந்திய ஐந்து சக்கரங்களும் கண்காட்சிக்காக அங்கேதான் இருந்தன. கஸ்பார் என்ன செய்வது என்று தெரியாமல் அவற்றை மேஜையில் வரிசையாக எடுத்து வைத்தார். ஜெயமணி அந்த வரிசையைப் பார்த்தாள்.

முதல் சக்கரம் மலை உச்சியிலிருந்து எடுத்த காடு. இரண்டாவது, ஓடைக்கு நடுவில் நின்று எடுத்த அருவி. அப்புறம் மூன்றாவது ஒரு தாழை மரத்தின் வேர். நாலாவது சிப்பிகள். ஐந்தாவது குடிசைப் படியில் விழுந்து கிடந்த ஒரு பூ. ஆறாவது இந்தக் கொடி. மலையேறி, ஓடையில் இறங்கிப் படம் எடுத்தவன் இரண்டு மாதமாகக் காலடியில் கிடப்பதை மட்டுமே எடுத்திருக்கிறான். நடக்க முடியாதவன் கண்ணில் வேறு என்ன படும்? இலையையும் பூவையும் மயிரிழை பிசகாமல் வெட்டி ஒட்டினேனே, இதைப் பார்க்கத் தெரியவில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அடுத்த நொடி கோபம் அவன் மேல் திரும்பியது. நலம், நலம், நலம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதிய கை அல்லவா அது.

"அண்ணே, நிக்கோபார்க் கப்பல் எப்ப?"

"இன்னைக்குத்தான், தங்கச்சி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு. இத விட்டா இனி மூணு வாரம்."

ஜெயமணி எழுந்துவிட்டாள். ஐந்து சக்கரங்களையும் நீங்களே கண்காட்சியில் கொடுத்துவிடுங்கள் என்றாள். ஆறாவதுக்கு என்ன சொல்வது என்று கஸ்பார் கேட்டார். அந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னாள். தன் சக்கரங்களைச் சுவரில் மாட்டி நாலு பேர் பார்ப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகக் கனவு கண்டிருந்தாள். அது இப்போது யாரோ ஒருத்தியின் ஆசை மாதிரி எங்கோ தூரத்தில் இருந்தது.

ஆபீஸில் தலைமை வரைவாளர் ஜம்புலிங்கத்திடம் லீவு வாங்குவது யானையிடம் கரும்பு பிடுங்குகிற மாதிரி என்று பேர். ஜெயமணி காரணம் எதுவும் எழுதாமல் ஒரு மாத லீவு கேட்டுத் தாளை நீட்டினாள். அவர் தாளைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போய்ச் சேர்ந்ததும் ஒரு தந்தி கொடும்மா என்றார். எங்கே போகிறாள் என்று அவள் சொல்லவே இல்லை.

இனி பாஸ். நிக்கோபார்ப் பக்கம் போவதற்குக் கலெக்டர் ஆபீஸில் பாஸ் வாங்க வேண்டும். மனுப் போட்டு, போலீஸ் விசாரித்து, கையெழுத்தாகி வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் போனாள்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த வங்காளி கிளார்க்கிடம் தனக்குத் தெரிந்த இந்தியை எல்லாம் திரட்டிச் சொன்னாள். பேர் ஜெயமணி, புருஷன் சிவஞானம், வீடு பாம்பூஃப்ளாட், இன்றைக்கே வேண்டும். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு காகிதக் கட்டைப் புரட்டினார். பிறகு அலுப்போடு, "ஆப்கா பாஸ் தோ பன் கயா. மாதாஜி லே கயீ" என்றார்.

உங்கள் பாஸ் ஆகிவிட்டது, அம்மா வாங்கிக்கொண்டு போய்விட்டார். எந்த அம்மா? கிளார்க் பேனாவால் வராந்தா மூலையைக் காட்டினார்.

வராந்தா பெஞ்சின் கோடியில் அன்னம்மாள் உட்கார்ந்திருந்தாள். பட்டுப் புடவை. காலடியில் தகரப் பெட்டி. பெட்டி இடுக்கில் ஜெயமணியின் நீலப் புடவை முந்தானை ஒரு விரல் நீளம் வெளியே தொங்கியது.

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருடப் போன இடத்தில் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருந்தது இருவருக்கும்.

"நீ இங்க எங்க, தாயி?"

"நீங்க எங்க, அத்தை?"

அன்னம்மாள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். ஜெயமணி உட்கார்ந்து அட்டையைப் பிரித்து மாமியார் மடியில் வைத்தாள். விரலால் ஒரு நிழலை மட்டும் தொட்டுக் காட்டினாள். அன்னம்மாள் குனிந்து பார்த்தாள். அந்த எட்டு நிழலையும் ஒவ்வொன்றாக, கோயில் சுற்றி வருகிற மாதிரி விரலால் சுற்றி வந்தாள்.

"எனக்கு ஒரு மாசமாத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"உங்க மாமா வீட்டுல இருந்த முறிவு எண்ணெய் பாட்டில எடுத்துட்டுப் போனாக. கேட்டா, மில்லுல ஒருத்தனுக்குக் கையில அடின்னாக. பதினஞ்சு நாள் கழிச்சு, மலையாள வைத்தியர்ட்ட இன்னும் ரெண்டு பாட்டில் வாங்கி மில்லுக்குக் கொண்டு போறதப் பார்த்தேன். மில்லுல எவனுக்குடா இத்தனை முறிவுன்னு யோசிச்சேன். அப்புறம் நிக்கோபார்க் கப்பல் வந்த அன்னைக்கு அந்தப் பாட்டிலைத் துணியில சுத்தி, கப்பல்காரன் ஒருத்தன் கையில குடுத்ததையும் பார்த்தேன். நான் எதுவும் கேட்டுக்கிடல."

மூன்று பேர் இருக்கிற வீட்டில், ஒருத்தர் முகம் வாடக் கூடாதென்று மற்றவர் மறைத்திருக்கிறார்கள். ரேஷன் கார்டு புதுப்பிக்க என்று சொல்லிப் போன மாதம் மாமியார் கையெழுத்து வாங்கிய தாள் எது என்று ஜெயமணிக்கு இப்போது புரிந்தது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, அத்தை."

"சொன்னா பாஸ் வர்ற வரைக்கும் நீ அழுதுக்கிட்டே கிடப்ப. அதப் பாக்க எனக்குச் சக்தி இல்ல. இன்னைக்குச் சாயங்காலம் உன்ன ஜெட்டிக்குக் கூட்டிட்டுப் போயி, கப்பலக் காட்டிச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அழுறதுன்னா கப்பல்ல ஏறி அழு. போற வழிக்காச்சும் ஆகும்."

ஜெயமணி அட்டையைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

"அத்தை, கால் இருக்குல்ல? இந்தப் படத்துல ஒரு காலைத்தான் பார்த்தேன்."

அன்னம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"படிச்ச பிள்ளை கேக்குற கேள்வியா இது? இல்லாத காலுக்கு எவனாச்சும் மூணு பாட்டில் எண்ணெய் கேப்பானா?"

ஜெயமணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே காலையிலிருந்து தேங்கி நின்ற கண்ணீரும் வந்தது. ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வங்காளி கிளார்க் எட்டிப் பார்த்துவிட்டு, தமிழர்களுக்குப் பாஸ் கிடைத்தால் இப்படித்தான் போலிருக்கிறது என்று மறுபடியும் வேலையில் ஆழ்ந்தார்.

இருவருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்துச் சாத்தம் வந்து சேர்ந்தபோது ஆலையில் மதியச் சங்கு ஊதிவிட்டது. புருவத்தில் மரத்தூளோடு சொக்கலிங்கம் வாசலுக்கு வந்தார். பட்டுப் புடவையையும் தகரப் பெட்டியையும் பார்த்துப் பதறி, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. நாங்க கேம்ப்பெல் பேய்க்குப் போறோம்" என்றாள் அன்னம்மாள். "நாலாவது பாட்டில் எண்ணெய் இருந்தாக் குடுங்க. கையோட கொண்டு போயிர்றோம்."

சொக்கலிங்கம் மனைவியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு, வாசலில் அடுக்கியிருந்த படாக் மரக் கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஜெயமணி பயந்தாள். துண்டை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு நடந்தவனுக்குத் துப்ப இடம் கிடைத்த மாதிரி, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினார்.

டிசம்பர் கடைசியில் மழையில் நனைந்த மரப்பாலம் வழுக்கி, சிவஞானம் கீழே விழுந்திருக்கிறான். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. அங்கே இருந்த பட்டாளத்து டாக்டர் மாவுக்கட்டுப் போட்டார். கட்டும் பிரித்தாகிவிட்டது. எலும்பு கூடிவிட்டது. காலைத் தரையில் அழுத்தி ஊன்றத்தான் இன்னும் அனுமதியில்லை. வீட்டு முகவரிக்கு எழுதினால் பெண்கள் பிரித்துவிடுவார்கள் என்று ஆலை முகவரிக்கு எழுதி, அப்பாவைச் சத்தியம் பண்ணச் சொல்லியிருக்கிறான். ஜெயமணிக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாள், அம்மாவுக்குத் தெரிந்தால் பட்டினி கிடப்பாள் என்று.

"நான் பட்டினியும் கிடக்கல, இவ வேலையும் விடல. லீவுதான் போட்டிருக்கா" என்றாள் அன்னம்மாள். "பெத்தவளையும் பொண்டாட்டியையும் பத்தி உங்க மகன் போட்ட கணக்கு அவ்வளவுதான்."

நாலாவது பாட்டில் நிஜமாகவே அவருடைய பெட்டியில் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தார். நீங்கள் இருவரும் புறப்பட்டு வருவதாக மகனுக்குத் தந்தி அடித்துவிட்டு, அரைநாள் லீவு சொல்லிவிட்டு, நாலரைக்குள் ஜெட்டிக்கு வந்துவிடுகிறேன் என்று வேகமாகப் போனார். போகிற நடையில் பத்து வயசு குறைந்திருந்தது.

ஹேடோ ஜெட்டியில் கப்பல் வெள்ளையாக நின்றது. கோழிக் கூடைகள், சிமெண்ட் மூட்டைகள், பட்டாளக்காரர்களின் குடும்பங்கள், ஹார்மோனியத்தோடு ஒரு பாதிரியார் என்று எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. ரீத்தா டியூட்டி முடிந்து நேராக ஓடி வந்தாள். ஒரு ரோல் பஞ்சும் கட்டுத் துணியும் கொண்டுவந்திருந்தாள். ஒரு முழு ஃபிலிம் ரோலைக் கஸ்பார் கொடுத்தனுப்பியிருந்தார். இந்த முறை முகத்தை எடுக்கச் சொல்லு என்று அவர் சொன்னதாகச் சொன்னாள்.

நாலரை ஆயிற்று. நாலே முக்கால் ஆயிற்று. சொக்கலிங்கத்தைக் காணவில்லை.

ஏணிக்குக் கீழே வந்ததும் அன்னம்மாள் நின்றுவிட்டாள். ஜெயமணிக்குக் காரணம் தெரியும். மெட்ராஸிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தபோது நாலு நாளும் தலை தூக்க முடியாமல் வாந்தி எடுத்து, இனி பெரிய கப்பலில் கால் வைப்பதில்லை என்று அன்னம்மாள் முடிவு செய்திருந்தாள். அது நடந்து பதினேழு வருஷம். தங்கை கல்யாணத்துக்குக் கூட மெயின்லாந்து போகவில்லை. பாம்பூஃப்ளாட் படகில் கூட நடு பெஞ்சில், கண்ணை மூடிக்கொண்டுதான் உட்காருவாள். இப்போது ஏணி அலைக்குத் தக்கபடி ஏறி இறங்கியது. அவள் உதட்டுக்கு மேல் வேர்வை முத்து முத்தாக நின்றது.

நீங்கள் இருங்கள் அத்தை, நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன், தந்தி கொடுக்கிறேன் என்று ஜெயமணி மெதுவாகச் சொன்னாள். கையைப் பிடிக்கப் போனாள்.

"பிடிக்காத" என்றாள் அன்னம்மாள். "வழுக்குனா ரெண்டு பேருமாப் போவோம். நான் முன்னால ஏறுறேன். நீ பின்னாலயே வா. நான் திரும்பிப் பாத்தா மட்டும், பாக்காதீகன்னு சொல்லு."

பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஏறினாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மேல்தட்டில் கால் வைத்ததும் அங்கே நின்ற மாலுமியிடம், இந்தக் கப்பலில் அதிகம் ஆடாத இடம் எது என்று தமிழில் கேட்டாள். அவன் மலையாளத்தில் பதில் சொன்னான். இருவருக்கும் புரிந்தது.

ஏணியை எடுத்துவிட்டார்கள். கயிறுகளை அவிழ்த்துவிட்டார்கள். ஜெட்டிக்கும் கப்பலுக்கும் நடுவே முதலில் ஒரு முழம், பிறகு ஒரு ஆள் நீளம் தண்ணீர் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெயமணி கீழே ரீத்தாவுக்குக் கை காட்டினாள். நாலு நாளில் அவனைப் பார்த்துவிடுவோம் என்று நினைத்தபோது கோபம், ஆசை, பயம் எல்லாம் ஒன்றாகக் கலந்து, எதை முதலில் காட்டுவது என்று அவளுக்கே தெரியவில்லை. கோபத்தையே காட்டலாம் என்று முடிவு செய்தாள். மற்றதற்கு நேரம் இருக்கும்.

அப்போதுதான் ஜெட்டி வாசலில் ஆலையின் லாரி ஒன்று வந்து நின்றது. அது நிற்பதற்கு முன்பே சொக்கலிங்கம் குதித்தார். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடி வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது. தந்தித் தாளின் நிறம் அது.

விளிம்புக்கு வந்து நின்று இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார். அதே நேரம் பார்த்துக் கப்பல் ஊதியது. ஊதியது என்றால் அப்படி ஒரு ஊதல். மேல்தட்டுக் கூரையே அதிர்ந்தது. ஊதி முடித்தபோது ஜெட்டி வெகுதூரம் போயிருந்தது.

"என்ன சொல்றாக?" என்றாள் அன்னம்மாள். கண்ணை இறுக மூடித் தூணைக் கட்டிப் பிடித்திருந்தாள்.

"தெரியல, அத்தை. கையில தந்தி இருக்கு."

"தந்தியாவது ஒண்ணாவது. உப்பு டப்பா எங்கன்னு கேப்பாக. மேல் தட்டுலன்னு கத்து."

ஜெயமணி கத்தவில்லை. உற்றுப் பார்த்தாள். மாமனார் தாளைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். பிறகு கையைத் தெற்கே காட்டினார். பிறகு அதே கையை இல்லை இல்லை என்பது போல வீசி, கப்பலையே தன் பக்கம் இழுப்பவர் மாதிரி வா, வா என்றார். தெற்கே போக வேண்டாம் என்கிறாரா, தெற்கே அவன் இல்லை என்கிறாரா? பக்கத்தில் ரீத்தா ஓடிப்போய் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும்போது, அவள் சிரிக்கிறாளா இல்லையா என்பது தெரியவில்லை.

கப்பல் மெதுவாகத் திரும்பித் தெற்கே முகம் வைத்தது.